எம்.ஜி.ஆரைக் காணோம்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. 'பூட்எம்ஜிஆர் ஈஸ் மிஸ்ஸிங்.' அதற்குக் கீழே, கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லி இன்னொரு வரி. அழுத்தினேன். விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றது. திரும்பவும் எம்.ஜி.ஆரைக் காணோம்.

"என்னடா சொல்லுது?" என்று அம்மா அடுப்படியில் இருந்து கேட்டாள்.

"எம்ஜிஆரைக் காணோமாம்மா."

"மேல அந்தம்மா படம் போட்டிருக்கு. உள்ள எம்ஜிஆரை எதுக்குத் தேடுது?"

பூட் மேனேஜர் என்பதைச் சுருக்கி எழுதியவருக்குத் தமிழ்நாட்டைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது. கம்ப்யூட்டரை எழுப்பி விண்டோஸிடம் ஒப்படைக்கிற சின்ன ஃபைல் அது. அது இல்லையென்றால் உள்ளே இருக்கும் மற்ற எல்லாம் பத்திரமாக இருந்தாலும் கதவு திறக்காது.

இந்த லேப்டாப் அக்காவுடையது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் முதல் வருடத்தில், பென்னாகரம் பக்கத்து அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ படித்த அக்காவுக்குக் கிடைத்தது. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். ஒரே டிஸ்க்கில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் குடியிருந்தன. பாஸ் பக்கம் எங்கள் ஊரில் யாரும் போனதாக ஞாபகம் இல்லை. ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸின் ஏழைப் பதிப்பு. அதில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. எனக்கு அது ஆறாத வருத்தமாக இருந்தது, பதிமூன்று வயதில்.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி பெங்களூரில் இருந்து ஊருக்கு வந்தேன். வந்ததே இந்த லேப்டாப்புக்காகத்தான். எங்கள் வீட்டு மனைக்குப் பட்டா இல்லை. திங்கட்கிழமை தருமபுரி கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள். அம்மா மனு கொடுக்கப் போகிறாள். முன்னாடி எப்பவாவது கொடுத்திருந்தால் அந்த மனுவின் நகலையும் சேர்த்து வைத்துக் கொடுங்கள் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லியிருந்தார். கொடுத்திருந்தோம். 2012-ல். டைப் அடித்தது அக்கா. நகல் எங்கே என்றால், அம்மா பீரோவின் மேலே துணி சுற்றி வைத்திருந்த இந்தப் பெட்டியைக் காட்டினாள்.

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். அதற்கொரு கேபிள் வேண்டும், இன்னொரு கம்ப்யூட்டரும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, மழை, தருமபுரி டவுனுக்குப் போனாலும் கடை திறந்திருக்குமா தெரியாது. ராத்திரி ஒன்பது மணி பஸ்ஸில் நான் கிளம்ப வேண்டும். கையில் இருந்தது காலேஜ் காலத்தில் விண்டோஸ் 7 ஏற்றி வைத்த ஒரு பென் டிரைவ் மட்டும்தான்.

பென் டிரைவைச் செருகி, எஃப்12-ஐ அழுத்திக்கொண்டே ஆன் செய்து, 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' வழியாக உள்ளே போனால் ஒரு பட்டியல் வரும். கடைசி வரி, கமாண்ட் ப்ராம்ப்ட். எனக்கு அந்தக் கறுப்பு ஜன்னலைப் பிடிக்கும். படங்களோ பொத்தான்களோ இருக்காது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். கேட்காததைச் சொல்லாது. அதனால் கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிய வேண்டும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, நாம் நிற்கிற இடம் நம் வீடு அல்ல. ப்ராம்ப்ட் எக்ஸ் என்ற எழுத்தில் நிற்கும். அது ராமில் தற்காலிகமாகப் போட்ட பந்தல், ஆஃப் செய்தால் காணாமல் போய்விடும். நம் வீட்டை ரிப்பேர் பார்க்க எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அங்கிருந்து பார்க்கும்போது கதவு எண்களும் மாறியிருக்கும். ஏ-யும் பி-யும் பழைய காலத்து ஃப்ளாப்பிகளுக்கு என்று ஒதுக்கியதால் ஹார்டு டிஸ்க் சி-யில் தொடங்குகிறது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தத் திண்ணையில் இருந்து பார்த்தால் சி என்பது விண்டோஸ் தனக்கென்று மறைத்து வைத்திருக்கும் 100 எம்பி துண்டு. நாம் தேடுகிற சி இங்கே டி ஆகியிருக்கும். இது தெரியாமல் சி-யில் போய் 'டிர்' அடித்துப் பார்த்து, ஒன்றுமே இல்லை, எல்லாம் போச்சு என்று அழுதவர்களை ஃபோனில் சமாதானம் செய்வது என் வேலையில் ஒரு பகுதி. டிஸ்க்பார்ட் போட்டு 'லிஸ்ட் வால்யூம்' கேட்டால் எது எது என்று அளவோடு சொல்லிவிடும்.

டி இருந்தது. உள்ளே விண்டோஸ் இருந்தது. நிம்மதியில் ஒரு தப்பு செய்தேன்.

சாகக் கிடக்கிற டிஸ்க்கில் முதலில் ஃபைல்களை வெளியே எடுக்க வேண்டும், அப்புறம்தான் வைத்தியம். தினமும் பத்துப் பேருக்கு இதை நான் சொல்கிறேன். சொந்த வீட்டில் உட்கார்ந்து, அம்மா டீ வைத்துக் கொடுத்த தெம்பில், 'செக்டிஸ்க்' போட்டு ஸ்லாஷ் ஆர்-ஐயும் சேர்த்து என்டர் தட்டிவிட்டேன். ஸ்லாஷ் ஆர் என்றால் டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படித்துப் பார்த்து, கெட்டுப்போன இடங்களை ஒதுக்கி வைக்கும். ஐந்து கட்டம். நாலாவது கட்டத்தில்தான் ஃபைல்களின் உள்ளடக்கத்தைத் தொடும். அங்கே போனதும் டிஸ்க் டிக், டிக் என்று தட்ட ஆரம்பித்தது. 11 சதவீதத்தில் நாற்பது நிமிடம் நின்றது. நடுவில் நிறுத்தினால் இன்னும் மோசம். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. காலையில் ஆரம்பித்தது, மதியச் சாப்பாட்டுக்கு மேலும் ஓடியது.

அந்த 2012 கோடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா பத்தாவது லீவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து தமிழில் இளநிலை பாஸ் செய்திருந்தாள். குரூப் 4 எழுதி தட்டச்சர் ஆவது கனவு. ப்ளஸ் டூ பரீட்சை மார்ச்சில் முடிந்ததும், கையில் லேப்டாப், விரலில் டைப்பிங், வேலை எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை கேட்டு ஒரு மனு அடித்துக் கொடுத்தாள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறவர்களுக்கு விஷயம் பரவியது. கையால் எழுதிய மனுவைவிட டைப் அடித்த மனுவுக்கு ஒரு மரியாதை இருப்பதாக எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் அவள் ஊருக்கே எழுத்தர் ஆகிவிட்டாள். சாதிச் சான்று, மாட்டுக் கடன், பஸ் இந்தப் பக்கம் திரும்பிப் போகணும், தெருவுக்குத் தண்ணீர்க் குழாய். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறப்பதற்கு முந்தின வருடம் அது. ஃப்ளோரைடு தண்ணீரில் காவி ஏறிய பல்லோடு வந்து, "நல்லா அழுத்தமா எழுது கண்ணு" என்பார்கள். ஒரு மனுவுக்குப் பத்து ரூபாய்.

எங்கள் வீட்டில் பிரிண்டர் இல்லை. மனுவைப் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பாள், நான் சைக்கிளில் பென்னாகரம் ப்ரவுசிங் சென்டருக்குப் போய் பிரிண்ட் எடுத்து வருவேன். பக்கத்துக்கு ஐந்து ரூபாய். மீதி ஐந்தில் இரண்டு எனக்கு. அக்காவுக்கு மூன்று. உழைப்புச் சுரண்டல் பற்றி எனக்கு அப்போது தெரியாது.

ஒரு தடவை சென்டரில் பென் டிரைவைச் செருகினால் உள்ளே இருந்ததெல்லாம் ஷார்ட்கட் ஆகியிருந்தது. எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. கடையில் இருந்தவர் பார்த்துவிட்டு, "வைரஸ் தம்பி, ஒண்ணும் தேறாது" என்று ஃபார்மேட் செய்து கையில் கொடுத்துவிட்டார். வெறுங்கையோடு திரும்பி வந்தேன். ஒரு வாரம் கழித்து அதே கடைக்கு வந்த ஒரு பாலிடெக்னிக் அண்ணன், வேறொருவரின் பென் டிரைவில் அதே வியாதியைப் பார்த்து, கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒரு வரி அடித்தார். 'ஆட்ரிப்', மைனஸ் ஹெச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ். அத்தனை ஃபைலும் திரும்ப வந்து நின்றன. "ஃபைல் எங்கயும் போகல தம்பி. வைரஸ் அதுங்களை மறைச்சுட்டு, அதே பேர்ல டுப்ளிகேட்டை முன்னாடி நிறுத்தி வெச்சிருக்கு. அவ்ளோதான்." நான் கற்றுக்கொண்ட முதல் கமாண்ட் அது. அன்றைக்குப் பிடித்த கிறுக்குதான் என்னைப் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி வரைக்கும், அங்கிருந்து பெங்களூர் வரைக்கும் கொண்டுவந்தது என்று இன்டர்வியூக்களில் சொல்லியிருக்கிறேன். நன்றாக எடுபடும்.

அந்த ஜூனில் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. 1,014 மார்க் வாங்கியிருந்தாள். லேப்டாப் என்னிடம் வந்தது.

மூன்று மணிக்கு செக்டிஸ்க் முடிந்தது. டி-யில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து 'டிர்' அடித்தேன். என் பெயர் இருந்தது. அக்கா பெயர் இல்லை. வயிற்றில் ஏதோ புரண்டது. 'டிர்' ஸ்லாஷ் ஏ என்று அடித்தேன். அதுதான் மறைத்து வைத்ததையும் சேர்த்துக் காட்டும். இருந்தது. மறைத்தது யார் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. எனக்கென்று ஒரு அக்கவுன்ட் போட்டுக்கொண்ட புதிதில், கற்ற வித்தையைத் திருப்பிப் போட்டு, மைனஸ் ஹெச்சுக்குப் பதில் ப்ளஸ் ஹெச். அழிக்க மனசு வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கவும் பிடிக்கவில்லை.

உள்ளே போனால் மனு ஃபோல்டரைக் காணோம். செக்டிஸ்க் வேலையைக் காட்டியிருந்தது. வழி தவறிய ஃபோல்டர்களை அது ஃபவுண்ட் டாட் 000 என்ற இடத்தில் கொண்டுபோய்க் கொட்டும். காணாமல் போனோர் காப்பகம் மாதிரி. அங்கே போய்ப் பார்த்தேன். வெளியே பெயர் மாறியிருந்தாலும் உள்ளே ஃபைல்கள் தங்கள் பெயரோடும் தேதியோடும் இருந்தன. மனு 1 முதல் மனு 31 வரை. எல்லாம் நோட்பேடில் அடித்த சின்னச் சின்ன ஃபைல்கள், ஒன்றரை கேபி, இரண்டு கேபி. மொத்தத்தையும் முதலில் பென் டிரைவுக்கு காப்பி செய்தேன். இந்த முறை புத்தி வந்திருந்தது. இரண்டு ஃபைல் மட்டும் சைக்ளிக் ரிடண்டன்சி என்று முரண்டு பிடித்து வராமல் போயின.

'டைப்' கமாண்ட் போட்டு ஒன்றைத் திறந்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கிறுக்கல். அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அரூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை பார்க்கிறாள். ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தாள்.

"எதுல அடிச்சக்கா, யூனிகோடா?"

"அப்ப யூனிகோடெல்லாம் யாருக்குடா தெரியும்? பாமினி."

அது ஒரு வகையில் அதிர்ஷ்டம். யூனிகோடில் அடித்திருந்தால் இந்தக் கறுப்பு ஜன்னல் தமிழைக் காட்டத் தெரியாமல் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் முகமூடி. டைப்ரைட்டர் பழகிய விரலுக்கு ஏறக்குறைய அதே விசைகள். முகமூடி இல்லாத இடத்தில் எழுத்து தன் சொந்த முகத்தைக் காட்டும். எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று இருந்தால் அது அம்மா. ஜே, கே, அரைப்புள்ளி, ஜி, பி என்றால் தம்பி. எனக்குத் தெரியாது, அக்கா சொன்னாள்.

31 ஃபைலில் அம்மாவுடையது எது? என் ஃபோனில் பாமினி இல்லை, ஆபீஸ் லேப்டாப்பைக் கொண்டுவரவும் இல்லை. "தேடிப் பாரேன்டா" என்றாள். அம்மாவின் பெயரை விசை விசையாகச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு காற்றில் அடித்துப் பார்த்துச் சொல்கிறாள் என்று தெரிந்தது, ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. 'ஃபைண்ட்ஸ்டர்' போட்டு, அந்த எழுத்துகளை மேற்கோளுக்குள் வைத்து, ஸ்லாஷ் எம் சேர்த்தேன். எந்தெந்த ஃபைலில் அந்தப் பெயர் இருக்கிறதோ அதன் பெயரை மட்டும் சொல்லும்.

இரண்டு வந்தது. மனு 19, மனு 31.

19-ஐத் திறந்து படித்தேன். "எம், பெரிய டி, ஜி, அரைப்புள்ளி, பெரிய ஜி, இ, யு, அரைப்..."

"அனுப்புநர். மேல போ."

நான் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அவள் சொல்லி முடித்தாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். கிறுக்கலுக்குள் எண்கள் மட்டும் எண்களாகவே நின்றன. சர்வே எண், மனையின் அளவு, தேதி. நான் ஒரு நோட்டில் எழுதினேன், திரையையும் ஃபோட்டோ எடுத்தேன். 'பதினைந்து வருடங்களாகக் குடியிருந்து வருகிறோம்' என்று அக்கா வாசித்தபோது அம்மா, "இப்ப இருபத்தெட்டு ஆச்சு" என்றாள். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். சோறு போட எழுந்து உள்ளே போனாள்.

"இன்னொன்னுலயும் அம்மா பேர் இருக்கேக்கா. 31. அது என்ன?"

"என்னன்னு தெரியலையே. படி."

படித்தேன். அனுப்புநர் எனக்கே இப்போது தெரிந்திருந்தது. அதற்கடுத்த வரியை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவள் எதுவும் சொல்லவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை. மூன்றாவது வரியில் அம்மா பெயர், அப்பா பெயராக இருக்க வேண்டிய இன்னொன்று. நான் படித்துக்கொண்டே போனேன். அவள் ஒரு சொல்லும் தமிழில் திருப்பித் தரவில்லை. எனக்கு எழுத்து புரியவில்லை. எண்கள் புரிந்தன. 17. 2006. 07.06.2012.

ஜூன் 7, வியாழக்கிழமை, அக்காவின் கல்யாண நாள். 2006 என்பது குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் வருடம். பதினேழுக்கு விளக்கம் வேண்டியதில்லை. அவளுக்குப் பதினெட்டு முடிய அப்போது மூன்று மாதம் இருந்தது.

படிப்பதை நிறுத்தினேன். ஸ்பீக்கரை அணைத்து ஃபோனைக் காதில் வைத்தேன்.

"தேதி என்ன காட்டுது?" என்று கேட்டாள்.

'டிர்' அடித்தேன். "06/03/2012. ராத்திரி 11:42."

"ஞாயித்துக்கிழமை" என்றாள். "திங்கக்கிழமை காலைல உன்கிட்ட கொடுத்து அனுப்பினேன். நீ வைரஸ்னு வந்து நின்ன."

எனக்கு வாயில் எதுவும் வரவில்லை. ஃபார்மேட் செய்த பென் டிரைவைக் கையில் கொடுத்தபோது அவள் என்ன சொன்னாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். "பரவால்ல விடு" என்று சொன்னதாகத்தான் ஞாபகம். துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது அழிஞ்சிருக்கவே இல்லக்கா. மறைஞ்சுதான் இருந்துச்சு. அந்த ஆளு தெரியாம ஃபார்மேட்..."

"லேப்டாப்லயும்தான் இருந்துச்சு. மறுபடி ஏத்திக் கொடுத்து அனுப்பியிருக்கலாம்ல? அனுப்பல." கொஞ்ச நேரம் கழித்து, "எடுத்துட்டு வந்திருந்தாலும் கொடுத்திருப்பனான்னு தெரியலடா. ஊருக்கெல்லாம் அடிச்சுக் கொடுத்தேனே, எனக்கு எப்படி இருக்கும்னு அடிச்சுப் பாத்தேன்னு வெச்சுக்க."

மாமா நல்லவர். லாரி ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகளையும் நன்றாகப் படிக்க வைக்கிறார்கள். அக்கா வேலைக்குப் போவதற்கு அவர் ஒரு வார்த்தை மறுத்ததில்லை. இதைச் சொன்னால் எல்லாம் லேசாகிவிடுமோ என்று சொல்லத் தயங்குகிறேன். ஆனால் அதுவும் உண்மை. குரூப் 4-ஐ அவள் எழுதவே இல்லை, அதுவும் உண்மை. பன்னிரண்டு வருடமாக அவள் விரல் அடிப்பது மற்றவர்களின் மனுக்களையும் மற்றவர்களின் கல்யாணப் பத்திரிகைகளையும்தான்.

"எல்லாத்தையும் பென் டிரைவ்ல போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"அதையுமா?"

"அதையும்தான். வேணாம்னா அழிச்சிடறேன்."

"அழிக்காத." பின்னால் அவள் சின்ன மகள் எதையோ கேட்டுக் கத்தினாள், அதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்தாள். "வெச்சிரு. தீபாவளிக்கு வரும்போது கொடு. நீ பாமினி போட்டுத் திறந்து பாக்காத, என்ன?"

"சரிக்கா."

பாமினி ஃபான்ட் ஒரு நிமிட வேலை. பெங்களூர் வந்த மறுநாளே பட்டா மனுவுக்காக ஏற்றினேன். 31-ஐத் திறக்கவில்லை. நிஜமாகத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை என்பதுதான் கஷ்டம்.

ஃபோனை வைத்தபின் பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. 'பூட்ரெக்' போட்டு ஸ்லாஷ் ஃபிக்ஸ்பூட், அப்புறம் ஸ்லாஷ் ரீபில்ட்பிசிடி. இரண்டுக்குமே, செயல் வெற்றிகரமாக முடிந்தது என்று பதில் வந்தது. இந்த மாதிரி பதில்களை நான் நம்புவதில்லை. பென் டிரைவைப் பிடுங்கி ரீஸ்டார்ட் செய்தேன். விசிறி சுற்றியது, டிஸ்க் நாலு தட்டுத் தட்டியது, திரை கறுப்பாகவே நின்றது.

அம்மா தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். நாளைக்குக் கட்ட வேண்டிய சேலையை எடுத்துக் கட்டிலில் வைத்திருந்தாள். திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னடா, எம்ஜிஆர் வந்துட்டாரா?"

"இல்லம்மா."

"சரி விடு. வேணுங்கிறது கெடச்சுருச்சுல்ல. சாப்புடு."